வெட்டவெளிக் காற்றுக்கும் உப்புக்கும் எந்தக் காபன் சைக்கிள்?

அக்காவின் மகன் போன மாதம் வீட்டுக்கு வந்தான். "மாமா, காபன் சைக்கிள் ஒண்டு வாங்கப் போறன். ஆறு இலட்சம் சேர்த்து வைச்சிருக்கிறன். எதை வாங்க?" என்றான். காபன் என்றால் காபன் நாரை அடுக்கிப் பசையால் ஒட்டிச் செய்த பிறேம். அவனுக்கு ட்ரையத்லனில் அரை அயன்மேன் தூரம் முடிக்க வேண்டும் என்று ஆசை: 1.9 கிலோமீற்றர் நீச்சல், 90 கிலோமீற்றர் சைக்கிள், 21.1 கிலோமீற்றர் ஓட்டம். அந்தத் தூரப் போட்டி 2018இல் கொழும்பில் முதன்முதலாக நடந்தபோது அவன் பாடசாலைப் பையன். அன்று பிடித்த ஆசை இன்னும் விடவில்லை.

ஆறு இலட்சம் எங்கள் ஊரில் சின்னக் காசில்லை. அதனால் இரண்டு கிழமை அவனோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஏழெட்டு வருடமாக விடியற்காலையில் இந்தக் குடாநாட்டு வீதிகளில் உழக்கித் திரிகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன். கொழும்பிலோ இலண்டனிலோ இருப்பவருக்காகச் செய்த ஒப்பீட்டை அப்படியே எடுத்து யாழ்ப்பாணத்தில் சைக்கிள் வாங்கினால் கணக்குப் பிழைக்கும். இங்கே மலை இல்லை. காற்று இருக்கிறது, உப்பு இருக்கிறது. நுட்பமான வேலை என்றால் சைக்கிளைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டிய நிலையும் இருக்கிறது.

எடையைப் பற்றி முதலில்

காபன் சைக்கிளைக் கண்டதும் எல்லாரும் ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார்கள். தூக்கிப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் ஷிமானோ கொம்பனியின் 105 என்ற கியர்த் தொகுதியும் டிஸ்க் பிறேக்கும் உள்ள நடுத்தர விலைக் காபன் சைக்கிள் ஒன்று எட்டரை முதல் ஒன்பது கிலோ வரை இருக்கும். அதே பாகங்களுடன் அலுமினியம் என்றால் ஏறக்குறைய ஒரு கிலோ கூட. அந்த ஒரு கிலோ நுவரெலியா ஏறுகிறவருக்குத் தெரியும். எங்களுக்கு?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சமதரையில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது, ஒரு கிலோ கூடியதால் ரயர் உருளுவதற்குத் தேவைப்படும் மேலதிக வலு அரை வாற்றுக்கும் குறைவு. அதே வேகத்தில் காற்றைக் கிழிக்க, காண்டிலின் பிறேக் பிடிகளில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு 125 வாற்று அளவில் போகிறது. முழங்கைகளை, காண்டிலில் முன்னோக்கிப் பூட்டும் ஏரோ பாரில் ஊன்றி உடலைத் தாழ்த்தினால் அது 100 வாற்று அளவுக்கு இறங்கும். ஆளுக்கு ஆள் உடல்வாகு மாறுவதால் இலக்கம் சற்று முன்பின்னாக இருக்கும். ஆனாலும் ஒரு பக்கம் அரை வாற்று, மறுபக்கம் 25 வாற்று.

இது காற்றில்லாத காலைக்கான கணக்கு. தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் மாதங்களில் பருத்தித்துறைப் பக்கம் போய்த் திரும்பி வரும்போது வல்லை வெளியில் நிலைமை வேறு. மணிக்கு 20 கிலோமீற்றர் எதிர்க்காற்றில் 25 கிலோமீற்றர் வேகத்தைப் பிடித்துக்கொள்ள, நிமிர்ந்து இருப்பவர் காற்றுக்கு மட்டும் 240 வாற்று அளவு கொடுக்க வேண்டும். தாழ்ந்திருப்பவருக்கு 190 போதும். வல்லை வெளியில் ஒரு மரம் கிடையாது, மதில் கிடையாது. அந்த 50 வாற்றை எந்தப் பிறேமும் தராது. உட்காரும் நிலைதான் தரும்.

இதைச் சைக்கிள் உலகம் முழுவதும் கண்ணால் கண்ட நாள் ஒன்று உண்டு. 1989ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸின் கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரிசுக்கு 24.5 கிலோமீற்றர் தனியோட்டம். லோரான் பின்யோனை விட 50 செக்கன் பின்தங்கியிருந்த கிரெக் லெமோண்ட், ட்ரையத்லன்காரர் பாவித்த ஏரோ பாரைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டார். அன்று மட்டும் 58 செக்கன் வேகமாக ஓடி, மூன்று கிழமைப் போட்டியை 8 செக்கனால் வென்றார். பின்யோனின் சைக்கிளில் அந்தப் பார் இல்லை.

அப்படியென்றால் காபன் எதற்கு? நீண்ட தூரத்தில் அது தரும் சுகத்துக்கு. காபனை எந்த இடத்தில் விறைப்பாகவும் எந்த இடத்தில் சற்று வளைந்து கொடுக்கும்படியும் அடுக்கலாம் என்பது செய்கிறவர் கையில் இருக்கிறது. நல்ல பிறேமில் பெடல் பக்கம் விறைப்பாக இருக்கும், சீற் பக்கம் அதிர்வை வாங்கிக்கொள்ளும். நாவற்குழியால் திரும்பி, தனங்கிளப்பு, கேரதீவு தாண்டி, 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலம் கடந்து பூநகரி வரை போய் வந்த பிறகு என் கழுத்துக்கும் தோளுக்கும் அந்த வித்தியாசம் தெரிந்தது. அதற்காகக் காசு கொடுப்பது நியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் அதே சுகத்தில் பெரும்பங்கை 25 மில்லிமீற்றர் ரயருக்குப் பதிலாக 30 அல்லது 32 மில்லிமீற்றர் ரயரைப் பூட்டிக் காற்றைக் கொஞ்சம் குறைத்தும் பெறலாம். எனவே பிறேமில் அகல ரயருக்கு இடம் இருக்கிறதா என்பதை எடைக்கு முன்னால் பார்க்க வேண்டும்.

புதுச் சைக்கிள், பெரிய கொம்பனி

ஜயன்ற், ட்ரெக், ஸ்பெஷலைஸ்ட், மெரிடா போன்ற கொம்பனிகள் ஒவ்வொன்றும் காபன் றோட் சைக்கிளை இரண்டு சாதியாகச் செய்கின்றன. ஒன்று போட்டிக்கானது: ஜயன்ற் ரீசீஆர், ட்ரெக் எமோண்டா (2024இல் அதை மடோனோடு சேர்த்துவிட்டார்கள்), ஸ்பெஷலைஸ்ட் ரார்மக், மெரிடா ஸ்கல்ருரா. மற்றது நீண்ட தூரத்துக்கானது: ஜயன்ற் டிஃபை, ட்ரெக் டொமேன், ஸ்பெஷலைஸ்ட் ரூபே. இரண்டாவது சாதியில் காண்டில் சற்று உயரமாக இருக்கும், சக்கரங்களுக்கு இடையிலான தூரம் கூட, ரயருக்கு இடமும் கூட. புதிய டிஃபையும் டொமேனும் 38 மில்லிமீற்றர் ரயர் வரை ஏற்கும். டிஸ்க் பிறேக் எமோண்டாவுக்குக் கொம்பனி சொன்ன எல்லை 28.

கடையில் நிற்கும்போது போட்டிச் சைக்கிள்தான் கண்ணைப் பறிக்கும். ட்ரையத்லனுக்கு அதுதானே பொருத்தம் என்றும் தோன்றும். நான் நீண்ட தூரச் சாதியின் பக்கம் நிற்கிறேன். ஏரோ பார் பூட்டினால் உடல் எப்படியும் தாழத்தான் போகிறது. அடித்தளமே மிகத் தாழ்வாக இருந்தால் முழங்கை ஊன்றி 90 கிலோமீற்றர் இருக்க முடியாது. பத்து நிமிடத்தில் எழுந்து நிமிர்ந்து உட்காருகிறவருக்கு ஏரோ பாரால் என்ன பயன்? வாலிபப் பெடியன், உடல் வளையும், குறுந்தூரப் போட்டிதான் குறி என்றால் ரீசீஆர் நல்ல தெரிவு. மற்றவர்களுக்கு டிஃபை, டொமேன், ரூபே.

புதிது வாங்குவதில் பெரிய இலாபம் உத்தரவாதம். ஜயன்றும் ட்ரெக்கும் பிறேமுக்கு முதல் உரிமையாளரின் ஆயுள் முழுவதும் உத்தரவாதம் தருகின்றன. முதல் உரிமையாளர் என்ற சொல்லைக் கவனியுங்கள், கை மாறினால் அது போய்விடும். குறை என்று பார்த்தால், வரியெல்லாம் கட்டி இங்கே வந்து சேரும் புதுக் காபன் சைக்கிள் மருமகனின் ஆறு இலட்சத்துக்குள் அடங்கவில்லை. ஓரிரண்டு அடங்கினாலும் ரயருக்கும் ஹெல்மற்றுக்கும் ஏரோ பாருக்கும் ஒரு சதம் மிஞ்சாது.

இன்னொரு குறையும் உண்டு. இப்போது வரும் புதிய சைக்கிள்களில் பிறேக் வயர்கள் காண்டில் தண்டுக்கு அடியில் கழுத்துப் பெயரிங் வழியாக உள்ளே போகின்றன. பார்வைக்கு அழகு. ஆனால் அந்தக் கழுத்துப் பெயரிங்கை மாற்ற வேண்டி வந்தால் ஹைட்ரோலிக் பிறேக் ஹோஸைக் கழற்றி, எண்ணெய் விட்டு, காற்றெடுக்க வேண்டும். உப்புக்காற்றில் முதலில் பழுதாவதே கழுத்துப் பெயரிங்தான். வெளியே வயர் ஓடும் சைக்கிளில் எங்கள் ஊர்க் கடையில் அரை மணித்தியாலத்தில் முடியும் வேலை, இதில் கொழும்புக்குப் பொதி கட்டும் வேலையாகிவிடும்.

சீனாவிலிருந்து நேரடியாக

ருவிற்றர், ஜாவா, சாவா என்ற பெயர்களில் முழுக் காபன் சைக்கிள்கள் குறைந்த விலைக்கு வருகின்றன. காபன் பிறேம், முன்சில்லைப் பிடிக்கும் போர்க்கும் காபன், சில வேளை காபன் றிம்கூட. கடதாசியில் பார்த்தால் இதை விட்டு வேறொன்றை வாங்குவது முட்டாள்தனம் போலத் தோன்றும்.

சீனக் காபன் என்றாலே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. உலகப் பெயர்பெற்ற கொம்பனிகளின் பிறேம்களில் ஏராளமானவை சீனாவிலும் தாய்வானிலும்தான் செய்யப்படுகின்றன. வின்ஸ்பேஸ், யொலியோ போன்ற சீனப் பெயர்களே இன்று நம்பிக்கையோடு பேசப்படுகின்றன. விலையும் அதற்கேற்றபடி ஏறும். என் கவலை பிறேமைவிடப் பாகங்களில்தான். விலையைக் குறைக்கக் கியர்த் தொகுதியில் கைவைப்பார்கள். சென்சா, எல்ட்டூ போன்ற தொகுதிகள் ஒழுங்காக வேலை செய்யும். ஆனால் விழுந்து ஒரு பிறேக் பிடி உடைந்தால் இந்த நாட்டில் எங்கே தேடுவது? ஷிமானோ என்றால் கொழும்பில் ஓரிடத்தில் இல்லாவிட்டாலும் இன்னோரிடத்தில் கிடைக்கும்.

இந்த வழியில்தான் போவேன் என்பவர் மூன்றைப் பார்த்துக்கொள்ளட்டும். பிறேம் ஐஎஸ்ஓ 4210 தரச் சோதனைக்கு உட்பட்டது என்று எழுத்தில் தருகிறார்களா? பொட்டம் பிரக்கற், அதாவது பெடல் அச்சு சுழலும் பெயரிங் கூடு, மரையோடு திருகும் வகையா? பின்கியர் தொங்கும் ஹேங்கர் மேலதிகமாக இரண்டு தருவார்களா? ஹேங்கர் என்பது வளைந்தால் மாற்றுவதற்காகவே மென்மையாகச் செய்த ஒரு சின்ன அலுமினியத் துண்டு. பிறேமுக்குப் பிறேம் அதன் வடிவம் மாறும். அது இல்லாமல் சைக்கிள் மாதக்கணக்கில் சுவரில் சாய்ந்து நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

பெரிய இத்தாலியப் பெயர் எழுதிய பிறேம் பத்தில் ஒரு பங்கு விலைக்கு வந்தால் அது போலி. அதைத் தொடவே வேண்டாம். காண்டில் தண்டு உடைவது மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் என்றால் விழுவது முகத்தில்.

பாவித்த காபன்

நான் மருமகனை இந்தப் பக்கம்தான் தள்ளினேன். கொழும்பில் ஐந்தாறு வருடம் ஓடி, அடுத்ததை வாங்குவதற்காக விற்பவர்கள் இருக்கிறார்கள். கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் மச்சான்மார் ஊருக்கு வரும்போது பெட்டியில் கட்டிக்கொண்டு வருவதும் உண்டு. அப்படிக் கொண்டுவருவதற்கு முன் சுங்கத் தீர்வையை விசாரித்துவிட வேண்டும். விமானத்தில் சைக்கிள் பெட்டியின் நிறை எல்லையையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதில் எங்கள் ஊருக்கென்றே ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. உலகமெல்லாம் டிஸ்க் பிறேக்குக்கு மாறிவிட்டதால், றிம்மைப் பிடிக்கும் பழைய பிறேக் உள்ள நல்ல காபன் சைக்கிள்கள் மலிந்துவிட்டன. மலை இறங்குகிறவருக்கு டிஸ்க் வேண்டும். எங்களுக்கு ஏ9 வீதியில் கட்டாக்காலி மாட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அலுமினிய றிம்மும் நல்ல பிறேக் கட்டையும் இருந்தால் காய்ந்த வீதியில் அது தாராளம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிற்கும் தூரம் நீளும் என்பது உண்மை. அந்த நாட்களில் வேகத்தைக் குறைக்கத்தான் வேண்டும். மற்றபடி, கட்டை தேய்ந்தால் ஐந்து நிமிடத்தில் நாமே மாற்றலாம். வயர் அறுந்தால் சந்திக் கடையில் போடலாம். எண்ணெயும் இல்லை, ஊசியும் இல்லை. காபன் றிம்மோடு இந்தப் பிறேக் வந்தால் மட்டும் வேண்டாம் என்பேன். நனைந்தால் அது பிடிக்காது.

றிம் பிறேக்கின் உண்மையான குறை ரயர் இடம்தான். பல பிறேம்களில் 25 மில்லிமீற்றருக்கு மேல் போகாது. 2012இல் வந்த ட்ரெக் டொமேனும் அதன் பிந்திய றிம் பிறேக் வடிவங்களும் இந்த விடயத்தில் பரவாயில்லை. அதில் சீற் குழாயைத் தனியாக அசையவிடும் ஒரு மூட்டு இருக்கிறது, பின்பக்க அதிர்வை நன்றாகவே எடுக்கும். வாங்கும்போது அந்த மூட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று சீற்றின் பின்பக்கத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும்.

கியரில் ஷிமானோ 105இன் 11 வேகத் தொகுதியை நல்ல நடுவழியாக நான் கருதுகிறேன். அதற்குக் கீழுள்ள ஷிமானோ தொகுதிகளில் கிளாரிஸ் 8, சோரா 9, ரியாக்ரா 10 வேகம். சமதரைக்கு அவையும் போதுமானவைதான். ஆனால் நீண்ட தூரத்தில் ஒரு கியருக்கும் அடுத்ததுக்கும் உள்ள இடைவெளி சிறிதாக இருந்தால், காற்று மாறும்போது கால் சுற்றும் வேகத்தை மாற்றாமல் போகலாம். மின்சாரக் கியர் எங்கள் தேவைக்கு மிதமிஞ்சியது.

இனிப் பார்க்க வேண்டியவற்றுக்கு வருகிறேன். பாவித்த காபனில் எல்லாம் இதில்தான் இருக்கிறது.

சைக்கிளை வெயிலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். நிழலில் பார்த்தால் வெடிப்புத் தெரியாது. துடைத்துவிட்டு, பருத்தித் துணி ஒன்றைப் பிறேமின் எல்லாக் குழாய்களிலும் மெல்ல இழுத்துப் போங்கள். நார் வெளியே வந்திருந்தால் துணி மாட்டும். அப்புறம் ஒரு நாணயத்தை எடுத்து இரண்டு அங்குலத்துக்கு ஒரு தட்டு தட்டுங்கள். நல்ல காபன் 'டிக்' என்று கூர்மையாகச் சொல்லும். உள்ளே அடுக்குப் பிரிந்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் சத்தம் அமுங்கி, பழைய சுவரில் தட்டியது போலக் கேட்கும். சுவர்த் தடிப்பு மாறும் இடங்களில் இயல்பாகவே சத்தம் மாறும். அதனால் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் ஒப்பிட்டுத் தட்ட வேண்டும். கழுத்துச் சந்தி, பொட்டம் பிரக்கற்றின் அடி, சீற்றைத் தாங்கும் தண்டான சீற் போஸ்ற்றை இறுக்கும் இடம், செயின் விழுந்து சுரண்டும் வலப்பக்கப் பின்குழாய், இந்த நாலிடத்திலும் நேரம் எடுங்கள்.

செயினைப் பார்க்க அடிமட்டம் போதும். புதுச் செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம். அதில் ஓர் அங்குலத்தின் 16இல் ஒரு பங்கு நீண்டிருந்தால் செயின் மாற்ற வேண்டும். 8இல் ஒரு பங்கு நீண்டிருந்தால் பின் பிறீவீலும் தேய்ந்திருக்கும். அந்தக் காசை விலையில் கழிக்கச் சொல்லலாம்.

காண்டிலையும் பாருங்கள். ஏரோ பார் பூட்ட 31.8 மில்லிமீற்றர் உருண்டைப் பகுதி தண்டுக்கு இருபுறமும் வேண்டும். தட்டையான காண்டிலிலும், தண்டோடு ஒரே துண்டாக வார்த்த காண்டிலிலும் பெரும்பாலான ஏரோ பார்கள் ஏறா. காபன் காண்டில் என்றால் ஏரோ பாரின் இறுக்கத்தைத் தாங்கும் என்று அதைச் செய்தவர் சொல்லியிருக்க வேண்டும். சாதாரண அலுமினியக் காண்டில் இருந்தால் நிம்மதி. சீற் குழாய் பிறேமோடு சேர்த்தே உயர்ந்து நிற்கும் வகையும் வேண்டாம். அது முன்னைய சொந்தக்காரரின் காலுக்கு அளந்து வெட்டியது.

கடைசியாக, விற்பவர் முன்னாலேயே சீற் போஸ்ற்றைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்காதீர்கள். ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்று சொல்கிறேன்.

சீற் போஸ்ற்

என் கூட்டாளி ஒருவருக்கு வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பா நல்ல காபன் சைக்கிள் ஒன்றைக் கொடுத்துவிட்டார். பிறேம் காபன், சீற் போஸ்ற் அலுமினியம். இரண்டு வருடம் பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் போய்வந்தார், ஒருநாளும் கழற்றவில்லை. பிறகு தம்பிக்குக் கொடுக்க உயரத்தைக் குறைக்கப் பார்த்தால் அசையவில்லை. கொக்குவிலில் அனுபவமுள்ள ஒரு கடைக்காரரிடம் கொண்டுபோனோம். அவர் போல்ற்றைக் கழற்றி, சீற்றைப் பிடித்து இரண்டு முறை திருகிப் பார்த்துவிட்டு, குனிந்து அந்த விளிம்பை நகத்தால் சுரண்டினார். வெள்ளைத் தூள் உதிர்ந்தது. "தம்பி, இது இறுகினதில்லை. உள்ளுக்க வளர்ந்திருக்கு" என்றார்.

அவர் சொன்னது அப்படியே சரி. காபன் துருப்பிடிக்காது. ஆனால் அலுமினியமும் காபனும் ஒட்டியிருந்து இடையில் உப்பு ஈரம் சேர்ந்தால், பற்றரிக்குள் நடப்பதுதான் அங்கேயும் நடக்கிறது. அரிபடுவது அலுமினியம். அரிந்து வரும் வெள்ளை ஒட்சைட்டு, அலுமினியத்தைவிடக் கூடுதல் இடம் எடுக்கும். அது ஒடுங்கிய இடைவெளியில் ஊதி, போஸ்ற்றைப் பிறேமோடு பூட்டிவிடுகிறது. கடைக்காரர் காஸ் விளக்கை எடுக்கப் போனார். "நெருப்புக் காட்ட வேண்டாம் அண்ணை, காபனை ஒட்டின பசை போயிடும்" என்று தடுத்தோம். கடைசியில் போஸ்ற்றை மேலே வெட்டி, இரும்பறுக்கும் வாளின் அலகைத் துணி சுற்றிக் கையில் பிடித்து, குழாய்க்குள் விட்டு நெடுக அறுத்தார். பிறேமைத் தொடாமல், ஒவ்வொரு மில்லிமீற்றராக. காலை பத்து மணிக்குத் தொடங்கியது மத்தியானம் தாண்டித்தான் முடிந்தது. பிறேம் தப்பியது அவர் கையின் பொறுமையால்.

இதைத் தடுக்க ஆகும் செலவு மிகக் குறைவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போஸ்ற்றைக் கழற்றித் துடைத்து, காபனுக்கான பேஸ்ற் பூசி, அதில் எழுதியிருக்கும் அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் ரோர்க் சாவியால் இறுக்க வேண்டும். பெரும்பாலும் 5 நியூற்றன் மீற்றர் அளவு வரும். தண்ணீர்ப் போத்தல் பிடியின் போல்ற்றுகளுக்கும், பெடலுக்கும், கழுத்துப் பெயரிங்குக்கும் கிறீஸ். குறிகாட்டுவானுக்கோ ஆனையிறவுக்கோ போய்வந்த நாளில் வாளித் தண்ணீரும் துணியும் போதும், அமுக்கக் குழாயால் அடிக்கக் கூடாது. சில்லுக் கம்பியின் நிப்பிள்கள் பித்தளையா என்றும் பாருங்கள். அலுமினிய நிப்பிள் எங்கள் காற்றில் ஒன்றொன்றாக உடையும்.

அலுமினியத்தில் நின்றுகொண்டால்

நல்ல பாவித்த காபன் கிடைக்கவில்லை, அல்லது தட்டிப் பார்த்து முடிவெடுக்கத் துணிவில்லை என்றால், காபன் போர்க் உள்ள புது அலுமினியச் சைக்கிளை மனநிறைவோடு வாங்கலாம். ஜயன்ற் கொன்ரென்ட், ட்ரெக் டொமேன் ஏஎல், ஸ்பெஷலைஸ்ட் அலே, கனன்டேல் சீஏஏடி எல்லாம் இந்த வகை. விழுந்தால் நெளிவு கண்ணுக்குத் தெரியும், உள்ளே மறைந்த வெடிப்பு என்ற பயம் குறைவு. அகல ரயர் போட்டால் கைக்கு வரும் அதிர்வும் பெரிதாகத் தெரியாது. மிஞ்சும் காசில் ஏரோ பாரும் நல்ல ரயரும் வாங்கியவர், பழைய ரயரோடு நிமிர்ந்து உட்கார்ந்து காபனில் வருகிறவரை வல்லை வெளியில் கடந்து போவார். மோசமான காபனா நல்ல அலுமினியமா என்று கேட்டால் யோசிக்காமல் அலுமினியம் என்பேன்.

தனியோட்டத்துக்கென்றே செய்த ட்ரையத்லன் சைக்கிளைப் பற்றியும் மருமகன் கேட்டான். முதல் சைக்கிளாக வேண்டாம். அதில் பெரும்பாலான நேரம் முழங்கை ஊன்றித்தான் இருப்போம், அப்போது பிறேக் கைக்கு எட்டாது. எங்கள் வீதியில் நாயும் மாடும் சொல்லிவிட்டு வருவதில்லை. கூட்டாக ஓடும்போதும் அது ஆபத்து. ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி ஓட அனுமதிக்கும் குறுந்தூரப் போட்டிகளில் அந்தச் சைக்கிளையே விடமாட்டார்கள். சாதாரண றோட் சைக்கிளில் ஏரோ பார் பூட்டி, சீற்றை இரண்டு மூன்று சென்ரிமீற்றர் முன்னால் தள்ளினால் இடுப்பு திறக்கும், இறங்கி ஓடும்போது தொடையும் பிடிக்காது.

ஆழமான காபன் றிம்மும் இப்போதைக்கு வேண்டாம். பண்ணைப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல், மறைப்பு ஒன்றும் இல்லை. பக்கக்காற்று 50 மில்லிமீற்றர் ஆழ முன்சில்லைப் பிடித்தால் காண்டில் கையை விட்டு இழுக்கும், பக்கத்தில் பஸ் வேறு போகும். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் ஆளைவிடப் பெரிய பட்டங்களை ஏற்றுகிற காற்று இது.

அளவைப் பற்றி ஒரு சொல். உறவினர் கொடுத்துவிடும் சைக்கிளில் பெரும்பாலும் அவர் அளவுதான் இருக்கும். காண்டில் தண்டைச் சற்றுக் குறைக்கலாம், சீற்றை இறக்கலாம், பிறேமைச் சுருக்க முடியாது. பொருத்தமான அளவுள்ள ஒரு கூட்டாளியின் சைக்கிளில் இருபது கிலோமீற்றர் ஓடிப் பார்த்து, அந்தப் பிறேமின் உயரத்தையும் (ஸ்ராக்) எட்டும் தூரத்தையும் (றீச்) கொம்பனியின் அட்டவணையில் எடுத்துக் குறித்துக்கொண்டு, அதோடு மற்றவற்றை ஒப்பிடுவது நல்ல வழி. விலை எவ்வளவு வாய்த்தாலும் பெரிய அளவை வாங்காதீர்கள்.

மருமகனின் ஆறு இலட்சத்தை இப்படிப் பிரித்தோம். சைக்கிளுக்கு நாலரைக்கு மேல் போவதில்லை. மிச்சத்தில் ஏரோ பார், ஹெல்மற், 28 மில்லிமீற்றர் ரயர் இரண்டு, நாலு ரியூப், ரோர்க் சாவி, பேஸ்ற், ஹேங்கர் இரண்டு. ரியூப்பின் வால்வு மெல்லிய பிரெஸ்ரா வகை, சந்திக் கடைப் பம்ப் அதில் பிடிக்காது. அதனால் பித்தளை அடப்ரர் ஒன்றையும் சேர்த்தோம். ரியூப் இல்லாத ரயர் வேண்டாம் என்றேன். எங்கள் வெயிலுக்கு, ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றும் பால் சீக்கிரம் காய்ந்துபோகும், திரும்ப ஊற்ற அது கிடைப்பதும் கடினம்.

மூன்று சைக்கிள்களைப் பார்த்தான். ஒன்றில் விற்பவர் போஸ்ற்றைக் கழற்ற விடவில்லை. இன்னொன்றில் பின்குழாயில் சத்தம் அமுங்கியது. மூன்றாவது ஒரு றிம் பிறேக் டொமேன், 105, 11 வேகம், நாலு இலட்சத்து இருபதாயிரம். போன செவ்வாய்க்கிழமை இரவு பஸ்ஸில் ஏற்றி, புதன் விடிய யாழ்ப்பாணத்தில் இறக்கினோம். ஓடிப் பார்க்கத் துடித்தவனைப் பிடித்து நிறுத்தி, முற்றத்தில் வைத்து முதலில் சீற் போஸ்ற்றைத்தான் கழற்றினோம். கொழும்பில் பார்த்தது போலவே சுத்தமாக வந்தது. பேஸ்ற் பூசி, அவன் காலுக்கு உயரம் பார்த்து இறுக்கி, அந்த இடத்தில் கறுப்பு இன்சுலேசன் ரேப் ஒரு சுற்றுச் சுற்றினேன். அடுத்த முறை கழற்றும் திகதியையும் அதில் எழுதிவிட்டான்.